பதினோரு பேரை எடுத்த படம்

காஞ்சிரப்பள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது மெர்ளின் ஸ்டுடியோ. படம் எடுப்பது சாபுச்சேட்டன். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்துவது நான். பதினாலு வருடமாக அதே நாற்காலி.

என் வேலையில் பாதி, படத்திலிருந்து ஆளை எடுப்பதுதான். மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்று பல் குத்தும் மாமா, மெழுகுவர்த்தி ஏற்றும் நேரத்தில் தட்டோடு குறுக்கே வந்த கேட்டரிங்காரர், இப்படி. சுற்றிக் கோடு போட்டு ஒரு தட்டு தட்டினால் அவர் நின்ற இடத்தில் சுவர் வந்துவிடும். கொஞ்ச காலமாகப் பெயர் சொல்லியே எடுக்கச் சொல்கிறார்கள். முறிந்துபோன நிச்சயதார்த்தத்தின் மாப்பிள்ளை, பாகப்பிரிவினையில் முறைத்துக்கொண்ட தம்பி, யாரோடோ போய்விட்ட அக்கா. யார், எதற்கு என்று நான் கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் வேலை ஓடாது.

வெள்ளாரங்கல் வீட்டுத் தொம்மிச்சன் வந்ததும் அப்படியொரு வேலையோடுதான். ரப்பர் தோட்டமும் டவுனில் இரும்புக்கடையும் உள்ளவர். அவருடைய அப்பா வர்க்கி அப்பச்சன் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவு நாளுக்குப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வேண்டும், கூடத்தில் மாட்டப் பெரிதாக ஒன்றும் வேண்டும். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது, அப்பச்சனும் அம்மச்சியும் ஐம்பதாவது கல்யாண நாள் கொண்டாடியபோது சாபுச்சேட்டன் எடுத்த குடும்பப் படம். மொத்தம் பதிமூன்று பேர்.

"இவ வேணாம்" என்று திரையில் விரலை வைத்தார். "அப்பச்சனை கொஞ்சம் நேரா நிறுத்திடு. மத்தவங்க அப்படியே இருக்கட்டும்."

விரல் இருந்தது பின்ஸியின் மேல். தொம்மிச்சனின் தம்பி ஷிபுவின் மனைவி. அவளைப் பற்றி ஊரில் தெரியாதவர்கள் குறைவு. நர்ஸ் படிப்பு முடித்தவள். ஷிபு குவைத்தில். கல்யாணம் முடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் பேச்சு. அதற்குள் அப்பச்சனுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று அவளை நிறுத்திக்கொண்டார்கள். இரண்டரை வருடம் அவள்தான் அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், புரட்டிப் படுக்க வைத்தாள். குவைத்தில் ஷிபுவுக்கு வேறொரு குடித்தனம் இருப்பது பிறகுதான் தெரியவந்தது. பொறுத்துக்கொண்டு இரு, ஆண்பிள்ளை தானே திரும்பி வருவான் என்று வீட்டில் சொன்னார்கள். அவள் பொறுக்கவில்லை. குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்துக்கு மனு கொடுத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே அவளுடைய பெட்டி வாசலுக்கு வெளியே இருந்தது. அதற்கு நாலாம் மாதம் அப்பச்சன் இறந்தார்.

சாவுக்கு அவள் வந்திருந்தாள். சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று எடுத்துக்கொண்ட படங்களில், பின்னால் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஆல்பத்தில் நாலு படங்களிலிருந்து அவளை எடுத்ததும் நான்தான். தூரத்தில் தனியாக நின்றதால் ஒவ்வொன்றும் ஒரு நிமிட வேலையாக இருந்தது.

இந்தப் படம் அப்படி இல்லை. பின்ஸி அப்பச்சனை ஒட்டி நின்றாள். அவளுடைய வலது கை அவர் இடுப்பைச் சுற்றிப் போயிருந்தது. வெள்ளை ஜிப்பாவின் மேல் நாலு விரல்கள் அழுந்தியிருந்தன. இடது கை அவருடைய செத்துப்போன முழங்கையைத் தாங்கியிருந்தது. தோளோடு தோள். அவர் முழு எடையும் அவள் பக்கம் சாய்ந்திருந்தது. அவளை எடுத்தவுடன், கிழவர் காற்றில் சாய்ந்துகொண்டு நிற்பவர் மாதிரி ஆகிவிட்டார். பார்க்கவே பயமாக இருந்தது.

இடுப்புக்கு வேறு ஜிப்பாத் துணி கிடைக்குமா என்று அன்று எடுத்த மற்ற படங்களையெல்லாம் திறந்து பார்த்தேன். இருபத்தேழு இருந்தன. எல்லாவற்றிலும் அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றில்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. அவர் முழங்காலையோ முகத்தையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் மார்புப் பக்கத்து ஜிப்பாத் துணியை எடுத்து இடுப்பில் ஒட்டினேன். அவரை வெட்டி எடுத்து நிமிர்த்தினேன். தோளைத் தூக்கினேன். விழுந்திருந்த வாயோரத்தையும் சரி செய்யச் சொல்லியிருந்தார் தொம்மிச்சன், செய்தேன். மதியத்துக்குள் முடிக்க நினைத்த வேலை நாலு மணி வரை இழுத்தது.

தொம்மிச்சனுக்கு ரொம்பத் திருப்தி. இப்பத்தான் எங்கப்பன் மாதிரி இருக்கார் என்றார்.

அந்தப் படத்தை அவர் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். அங்கிருந்து யாரோ ஒருவர் மூலம் அது பின்ஸிக்குப் போயிருக்கிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஆஸ்பத்திரி யூனிஃபார்மிலேயே அவள் மாடிப்படி ஏறி வந்தாள். சாபுச்சேட்டன் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று பின்பக்கமாக இறங்கிப் போனார். டீ அவர் ஏற்கனவே குடித்திருந்தார்.

யார் செய்தது என்று கேட்டாள். நான் என்றேன். சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"நல்லா செஞ்சிருக்கீங்க சேச்சி" என்றாள். "பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்த்தேன். என் விரல் ஒண்ணாவது இருக்கும்னு நெனச்சேன். ஒண்ணுமே இல்ல."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, அந்தப் படம் எடுத்த நாளின் கதையைச் சொன்னாள். சக்கர நாற்காலியிலேயே அப்பச்சனை நடுவில் வைத்துப் படம் எடுப்பதாகத்தான் ஏற்பாடு. கிழவர் கேட்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு முன் நின்றுதான் மின்னுத் தாலி கட்டினேன், நின்றுதான் படமும் எடுப்பேன் என்று பிடிவாதம். பின்ஸிதான் தூக்கி நிறுத்தினாள். ஆனால் சாபுச்சேட்டன் லேசில் விடவில்லை. நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம், குழந்தைகள் முன்னால் என்று மாற்றி மாற்றி நிறுத்தினார். அவளுக்குக் கை மரத்துவிட்டது. அப்பச்சன் குழறிய வாயால் அவள் காதில் சொன்னாராம், "இவங்க சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் விழுந்துடுவேன், விட்டுடாதடி" என்று. சொல்லும்போது அவள் சிரித்தாள். அழுவாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள்.

"அந்தப் பழைய படம் உங்ககிட்ட இருக்குல்ல? அதுல பதினோரு பேரை எடுத்துடுங்க. நானும் அப்பச்சனும் மட்டும் போதும்."

எதற்கு என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாடிக்கையாளரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"நானும் விளம்பரம் குடுக்கப்போறேன். அதே பத்திரிகையில, அதே நாள்ல."

சாபுச்சேட்டன் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் இரண்டு கையையும் ஆட்டினார். படம் வெள்ளாரங்கல்காரர்களுடையது, அவர்கள் எடுக்கச் சொன்னது, அவர்கள் அனுமதி இல்லாமல் கொடுக்க முடியாது என்றார். அந்த வீட்டில் இன்னும் மூன்று பேரப்பிள்ளைகளின் கல்யாணம் பாக்கி என்பது அவர் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். பின்ஸி சத்தம் போடவில்லை. "அந்தப் படத்துல இருக்கிறது என் மூஞ்சி சேட்டா. அதை அழிக்கிறதுக்கு என்கிட்ட அனுமதி கேட்டீங்களா?" என்றாள். அவர் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேமராப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது என்னைப் பார்த்து, ஷைலஜா, அந்தப் பக்கமே போகாதே என்றார்.

வண்டிச் சத்தம் தேயும் வரை காத்திருந்தேன். பிறகு படத்தைத் திறந்தேன்.

சாபுச்சேட்டன் மேல் கோபமா, தொம்மிச்சன் மேலா, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவளை நாலு தடவை அழித்த என் மேலேயா, அப்போது எனக்குத் தெரியவில்லை. யார் வேண்டாமென்று சொன்னாலும் இதைச் செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்பது மட்டும் தெரிந்தது. வலது பக்கம் தொம்மிச்சன், மனைவி, மூன்று பிள்ளைகள் போனார்கள். இடது பக்கம் மகளும் மருமகனும் இரண்டு குழந்தைகளும். ஷிபு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றான், அவன் போனான். அம்மச்சி அப்பச்சனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றாள். அவளை எடுக்கும் முன் பின்ஸியைப் பார்த்தேன். எடுங்க என்று தலையை ஆட்டினாள்.

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பதினோரு பேரில் ஒருவர் கையாவது அப்பச்சன் மேல் இருந்திருந்தால் நேரம் பிடித்திருக்கும்.

விளம்பரத்துக்கு என்ன எழுதுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. பத்திரிகை ஏஜெண்டு அலுவலகத்தில் உறவுமுறை கேட்டிருக்கிறார்கள். மருமகள் என்று போட அவளுக்கு இஷ்டமில்லை, வழக்கு நடக்கிறது. முன்னாள் மருமகள் என்றால் சிரிப்பார்கள். பராமரித்த நர்ஸ் என்றால் கூலிக்கு இருந்த மாதிரி ஆகிவிடும். என்ன போட்டாள் என்பது பத்திரிகை வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தன. மேலே வெள்ளாரங்கல் குடும்பத்தின் விளம்பரம், பெரிய கட்டம், பன்னிரண்டு பேர். நடுவில் அப்பச்சன் பட்டாளக்காரர் மாதிரி விறைப்பாக நின்றார். கீழே, உள்ளங்கை அளவு கட்டத்தில், அதே ஜிப்பா போட்ட அதே அப்பச்சன், வாய் கோணி, ஒரு பெண்ணின் மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். அதற்குக் கீழே ஒரே வரி: "பின்ஸி, இப்போதும் இதே ஊரில்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் நினைவுத் திருப்பலி முடிவதற்குள் பத்திரிகை கைமாறிக் கைமாறிக் கசங்கிவிட்டது என்று சொன்னார்கள். கீழே செருப்புக் கடையில் நாலு பேர் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அப்பச்சனோடு சீட்டு விளையாடிய குஞ்ஞேட்டன் என்பவர் மேலே உள்ள படத்தைக் காட்டி, இந்த ஆள் யாருன்னு எனக்குத் தெரியல, கீழ இருக்கிறவன்தான் நம்ம வர்க்கி என்றாராம். அது மத்தியானத்துக்குள் டவுன் முழுக்கப் பரவிவிட்டது.

திங்கட்கிழமை கடை திறந்தவுடன் தொம்மிச்சன் வந்தார். பத்திரிகைப் பக்கத்தை என் மேஜையில் விரித்துப் போட்டார். சாபுச்சேட்டன், எனக்குத் தெரியாமல் நடந்தது, இவள்தான் செய்தாள் என்று உடனே சொல்லிவிட்டார். அதில் பொய் இல்லை.

யாரைக் கேட்டுச் செய்தாய் என்றார் தொம்மிச்சன்.

"ஆளை எடுக்கிறது எங்க வேலைதானே அச்சாயா" என்றேன். "நீங்க ஒருத்தரை எடுக்கச் சொன்னீங்க, எடுத்தேன். அவங்க பதினோரு பேரை எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். எடுத்தா என்ன தப்புன்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் முகம் சிவந்துவிட்டது. குடும்பத்தை ஊர் சிரிக்க வைத்துவிட்டாய், கேஸ் போடுவேன், இவள் இருக்கிற கடையில் இனி எங்கள் வீட்டுக் கல்யாணம் எதுவும் இல்லை என்று சாபுச்சேட்டனிடம் சொல்லிவிட்டுப் படி அதிர இறங்கிப் போனார். கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சாபுச்சேட்டன், ஒரு வாரம் வீட்டில் இரு, சூடு ஆறட்டும், பிறகு வா என்றார்.

"போனா திரும்பி வரமாட்டேன்" என்றேன். "நான் செஞ்சதுல ஒளிஞ்சுக்க ஒண்ணும் இல்ல."

சனிக்கிழமைக்குள் இரண்டு கல்யாண ஆல்பம் போக வேண்டும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு வேலையைத் தொடர்ந்தேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீ வாங்கி வந்து மேஜையில் வைத்தார்.

கேஸ் பற்றிப் பின்ஸிக்குப் போன் செய்து எச்சரித்தேன். ஏற்கனவே ஒரு கேஸுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன், இதுவும் சேர்ந்தால் அதே பஸ்ஸில் போய்விடலாம் என்றாள். தொம்மிச்சன் கேஸ் போடவில்லை. போட்டால் இரண்டு படத்தையும் நீதிபதி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார் என்று வக்கீல் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, ஒரு மத்தியானம், கீழே ஓர் ஆட்டோ நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளைச் சட்டையும் முண்டுமாக த்ரேசியா அம்மச்சி, அப்பச்சனின் மனைவி. முழங்கால் வலியோடு மாடி ஏற முடியாது. நான் இறங்கிப் போனேன். மடியில் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டை எடுத்துக் காட்டினாள். கீழே இருந்த சின்னக் கட்டம்.

"இதுல என்னையும் சேர்க்க முடியுமா மோளே?"

முடியும், ஆனால் அந்தப் படம் பின்ஸியுடையது, அவளைத்தான் கேட்க வேண்டும் என்றேன். நான் கூப்பிட்டால் அவள் எடுக்க மாட்டாள் என்றாள் அம்மச்சி. என் போனிலிருந்து கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் பின்ஸி, அங்கேயே இருக்கச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரி பக்கம்தான். கால் மணி நேரத்தில் நடந்தே வந்தாள்.

ஆட்டோவுக்கு வெளியே வெயிலில் நின்றாள். உள்ளே ஏறி உட்காரச் சொல்லி அம்மச்சி நகர்ந்து இடம் கொடுத்தாள். பின்ஸி ஏறவில்லை. ஆட்டோக்காரர் நாகரிகம் தெரிந்தவர். பெட்டிக்கடைப் பக்கம் போய்விட்டார்.

"உன் பெட்டியைத் தூக்கி வெளிய வச்சப்ப நான் அடுப்படியில நின்னேன்" என்றாள் அம்மச்சி. "எனக்குக் கேட்டுச்சு. வாயத் தொறக்கல. அவரு ராத்திரியெல்லாம் உன்னைக் கூப்பிட்டாரு. அதையும் யார்கிட்டயும் சொல்லல."

அம்மச்சி கையை நீட்டினாள். பின்ஸி அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"இங்க வந்தது தொம்மிச்சேட்டனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். சொல்லிட்டுத்தான் வந்தேன். காரைத் தரமாட்டேன்னான். அதான் ஆட்டோ."

பின்ஸி முதல் தடவையாக அம்மச்சியை நேராகப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, சேர்த்துவிடுங்கள் என்றாள். எந்த மாதிரி என்று கேட்டேன். அசல் படத்தில் அம்மச்சி ஒரு முழம் தள்ளி, தொம்மிச்சன் ஏதோ கூப்பிட்டதற்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற படங்களில் அவள் சிரித்த முகம் நிறைய இருக்கிறது. அதை எடுத்து வைக்கலாம், அப்பச்சனுக்கு நெருக்கமாகவும் நகர்த்தலாம் என்றேன்.

"வேணாம்" என்றாள் பின்ஸி. "எங்க நின்னாங்களோ அங்கயே நிக்கட்டும். எங்க பார்த்தாங்களோ அங்கயே பார்க்கட்டும்."

நான் அம்மச்சியைப் பார்த்தேன். கிழவி கொஞ்ச நேரம் பத்திரிகைத் துண்டை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"அவ சொல்றதுதான் சரி. அப்படியே போடு" என்றாள்.

அப்படியே போட்டேன். மூன்று பேர். இரண்டு பேர் ஒட்டி, ஒருத்தி தள்ளி, வேறெங்கோ பார்த்தபடி. அதை அம்மச்சி கூடத்தில், பெரிய குடும்பப் படத்துக்கு நேரெதிர்ச் சுவரில் மாட்டினாள். தொம்மிச்சன் ஒரு தடவை கழற்றி அலமாரிக்கு மேல் வைத்திருக்கிறார். வீடு இன்னும் என் பேரில்தான் இருக்கிறது, ஆணியும் என்னுடையது என்று அம்மச்சி சொன்ன பிறகு அது திரும்பச் சுவருக்கு வந்துவிட்டது.

தை மாதம் பின்ஸிக்கு விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. ஈஸ்டர் கழிந்து தொம்மிச்சனின் மூத்த மகளுக்குக் கல்யாணம். சொன்னபடியே வேலையைக் கோட்டயத்து ஸ்டுடியோ ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். அழைப்பிதழை மட்டும் அம்மச்சி தன் கைப்படப் பெயர் எழுதிப் பின்ஸியின் ஆஸ்பத்திரிக்கே கொடுத்து அனுப்பியிருந்தாள். போகாதே, வம்பு எதற்கு என்று அவளோடு வேலை செய்கிறவர்கள் சொன்னார்களாம். அவள் மஞ்சள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனாள்.

அங்கே நடந்ததை அவளே வந்து சொன்னாள். தொம்மிச்சன் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஷிபு வரவில்லை. அவள் பந்தியில் நடுவாக உட்கார்ந்து, அப்பமும் வாத்துக்கறியும், மீன் மோளியும் பொறுமையாகச் சாப்பிட்டாள். மேடையில் குடும்பப் படத்துக்கு எல்லோரையும் கூப்பிட்டார்கள். அம்மச்சி நாற்காலியில் இருந்தபடியே கையைக் காட்டி அவளை அழைத்தாள். மைக்கிலும் ஒரு தடவை பெயர் வந்ததாம். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"போனியா?" என்று கேட்டேன்.

"இல்ல சேச்சி. அம்மச்சியைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினேன். அப்புறம் பரிமாறுறவரைக் கூப்பிட்டு, இன்னும் ரெண்டு அப்பம் வைக்கச் சொன்னேன்" என்றாள்.